ஹோம் பதிப்போடு வந்த லேப்டாப், இப்போது "உங்கள் நிறுவனத்தின் சர்வர் எங்கே" என்கிறது

ஒற்றெழுத்து:

வணக்கம். வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தும் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் அரைகுறை. பயந்துகொண்டே எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிற ரகம்.

போன வாரம் லேப்டாப்பின் டிஸ்க் செத்துப்போனது. ஒரு நாள் முழுக்க ஆமையாக ஊர்ந்தது, மறுநாள் காலையில் கறுப்புத் திரை. கோப்புகளுக்கு வெளி டிஸ்க்கில் பிரதி இருந்ததால் அழவில்லை. புது எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கி நானே பொருத்தினேன் (இரண்டு திருகு மிச்சம், எங்கிருந்து கழற்றினேன் என்று இன்னும் தெரியவில்லை). தோழி ஒருத்தி தன் அலுவலகத்து பென் டிரைவைக் கொடுத்தாள். அதில் விண்டோஸ் 11 இருந்தது. செருகினேன், அரை மணியில் முடிந்தது. எந்தப் பதிப்பு, கீ (உரிம எண்) என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது திரையின் மூலையில் "விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்" என்று சாம்பல் நிறத்தில் எழுத்து. 400 பக்க நாவலின் மெய்ப்பு, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அது தெரிகிறது. வால்பேப்பர்கூட மாற்ற விடமாட்டேன் என்கிறது. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வருடன் இணைய முடியவில்லை" என்று வருகிறது. பிழை எண் எஃப்074 என்று முடிகிறது.

எனக்கு நிறுவனமே கிடையாது. நானும் ஒரு மேசை விளக்கும்தான். லேப்டாப் வாங்கும்போதே அதில் விண்டோஸ் ஹோம் இருந்தது, அதற்கும் சேர்த்துத்தானே பணம் கொடுத்தேன்? டிஸ்க்கோடு உரிமமும் போய்விட்டதா? அடியில் கீ எழுதிய ஸ்டிக்கரும் இல்லை.

வேகப்புயல்:

சார் இதுக்கு ஏன் இவ்வளவு கவலை. ஆக்டிவேட்டர்னு தேடுங்க, கீ இல்லாமலே ஆக்டிவேட் பண்ற புரோகிராம், நிறைய கிடைக்கும். ஆன்டிவைரஸை மட்டும் ஆஃப் பண்ணிட்டு ரன் பண்ணுங்க. ரெண்டு நிமிஷம்.

திருகாணி:

மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். பூட்டுத் திறந்து தருகிறேன் என்று வருகிறவன் முதலில் நாயைக் கட்டிப்போடச் சொன்னால் என்ன அர்த்தம்? அதோடு, ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமான ஒன்றைத் திருட வேண்டிய அவசியமும் இல்லை.

உங்கள் உரிமம் டிஸ்க்கில் இல்லை, அதனால் போகவும் இல்லை. விண்டோஸ் 7 காலம்வரை கீயை ஸ்டிக்கரில் அச்சிட்டு ஒட்டினார்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, லேப்டாப் தயாரிப்பவர்கள் கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (அந்தப் பலகையிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எழுதிவிடுகிறார்கள். அதனால்தான் உங்களிடம் ஸ்டிக்கர் இல்லை. டிஸ்க்கை எத்தனை முறை மாற்றினாலும் அது அங்கேயே இருக்கும்.

பிரச்சினை அந்த பென் டிரைவ். "உங்கள் நிறுவனம்" என்று சொல்கிறதே, அதுதான் துப்பு. பெரிய அலுவலகங்களில் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாகக் கீ அடிப்பதில்லை. கேஎம்எஸ் என்ற சர்வர் ஒன்று அலுவலக நெட்வொர்க்குக்குள் இருக்கும், கணினிகள் அதைத் தேடிப்போய் ஆக்டிவேட் ஆகும். உங்கள் வீட்டில் உங்கள் லேப்டாப் அந்த சர்வரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது, பாவம்.

உறுதி செய்ய: ஸ்டார்ட்டில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து எஸ், எல், எம், ஜி, ஆர் என்று சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு டி, எல், ஐ. என்ன வருகிறது என்று சொல்லுங்கள். மதர்போர்டில் உள்ள கீயைப் படிக்கும் பவர்ஷெல் கட்டளை நீளமானது, தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கீயை இங்கே போட்டுவிடாதீர்கள்.

ஒற்றெழுத்து:

முதலில், சார் இல்லை. பரவாயில்லை.

சின்னப் பெட்டி ஒன்று வந்தது. "புரொஃபஷனல் எடிஷன்" என்றும், "வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்" என்றும் போட்டிருக்கிறது. நீங்கள் சொன்னதேதான்.

இரண்டாவது கட்டளைக்கு 25 எழுத்தில் ஒரு கீ வந்தது! தாளில் எழுதி மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தேன் (தொழில் புத்தி). ஆங்கில உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை, பூஜ்யமும் இல்லை. வேண்டுமென்றேதானா?

இன்னும் இரண்டு. இந்தக் கீயை "புராடக்ட் கீயை மாற்று" என்ற இடத்தில் அடித்தேன், ஏற்க மறுக்கிறது. தோழியோ, "லேப்டாப்பை ஒரு நாள் ஆபீசுக்குக் கொண்டு வா, எங்கள் நெட்வொர்க்கில் போட்டால் தானாகச் சரியாகிவிடும்" என்கிறாள். செய்யலாமா?

திருகாணி:

மன்னிக்கவும், மேடம்.

ஆமாம், வேண்டுமென்றேதான். இந்தக் கீகளில் உயிரெழுத்து வராது, 0, 1, 5 வராது. ஓவா பூஜ்யமா, எஸ்ஸா ஐந்தா என்ற குழப்பமே எழாது. ஆனாலும் பியும் 8உம், ஜியும் 6உம் இரண்டுமே வரும். மெய்ப்பு பார்ப்பவர் யாரோ பாதியில் எழுந்து போய்விட்டார் போல.

ஏன் ஏற்கவில்லை என்றால், கீ ஹோமுக்கு உரியது, நீங்கள் நிறுவியிருப்பது புரோ. ஹோமிலிருந்து புரோவுக்குக் கீ அடித்து ஏறலாம். புரோவிலிருந்து ஹோமுக்கு அப்படி இறங்க முடியாது, மறுபடி நிறுவித்தான் ஆக வேண்டும்.

தோழி நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் கேஎம்எஸ் ஆக்டிவேஷன் 180 நாள்தான் செல்லும். அலுவலகக் கணினிகள் தினமும் அங்கேயே இருப்பதால் அவ்வப்போது தானாகப் புதுப்பித்துக்கொள்கின்றன. உங்களுடையது ஆறு மாதத்தில் மறுபடி இதே பாட்டைப் பாடும். அதோடு அது அலுவலகத்தின் உரிமம், நாளை யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் தோழி.

செய்ய வேண்டியது: 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட வெறும் பென் டிரைவ் ஒன்று எடுங்கள், அதில் உள்ளது எல்லாம் அழியும். மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, அதைக் கொண்டு நிறுவும் பென் டிரைவ் தயாரியுங்கள். இதற்குக் காசு கிடையாது. அதிலிருந்து பூட் செய்து (கணினியை அந்த பென் டிரைவிலிருந்தே தொடங்க வைத்து), எஸ்எஸ்டியில் உள்ள பகுதிகளை எல்லாம் நீக்கிவிட்டு நிறுவுங்கள். இப்போதும் பதிப்பு எது என்று கேட்காது, ஆனால் இம்முறை காரணம் வேறு: ஃபர்ம்வேரில் ஹோம் கீயைப் பார்த்து ஹோமையே போடும். தோழியின் பென் டிரைவில் கீயும் பதிப்பும் முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அப்படி ஒரு கோப்பு இருந்தால் நிறுவும் மென்பொருள் (நிறுவி) அதைத்தான் முதலில் மதிக்கும், ஃபர்ம்வேரை அப்புறம்தான் எட்டிப்பார்க்கும்.

பழையபெட்டி:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் ஒட்டிய கணினி இருக்கிறது. அந்தக் கீ இப்போது விண்டோஸ் 10க்குச் செல்லுமா?

திருகாணி:

7, 8 கீகளை ஏற்கும் வழியை மூடிவிட்டதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் அறிவித்துவிட்டது. அதற்கு முன்பே அந்தக் கணினியில் 10 ஒருமுறை ஆக்டிவேட் ஆகியிருந்தால் கவலை இல்லை. டிஜிட்டல் உரிமம் அந்த வன்பொருளின் பேரில் அவர்கள் சர்வரில் பதிவாகியிருக்கும். கீ கேட்கும்போது "என்னிடம் கீ இல்லை" என்று கொடுத்து, முன்பு ஆக்டிவேட் ஆகியிருந்த அதே பதிப்பை (ஹோமோ, புரோவோ) தேர்ந்தெடுங்கள்.

ஒற்றெழுத்து:

புது பென் டிரைவ் தயார். பூட் ஆயிற்று. ஆனால் எங்கே நிறுவ வேண்டும் என்ற பக்கத்தில் பட்டியல் காலி! எஸ்எஸ்டியே தெரியவில்லை. தோழியின் பென் டிரைவில் தெரிந்ததே? மிச்சமான அந்த இரண்டு திருகுதான் காரணமோ என்று பயமாக இருக்கிறது.

நடுச்சாமம்:

திருகு இல்லை மேடம். இன்டெல் 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசரா? அப்படியானால் விஎம்டி என்று, டிஸ்க்கைக் கையாளும் இன்டெல் ஏற்பாடு ஒன்று உண்டு. அதன் டிரைவர் (அதோடு விண்டோஸைப் பேச வைக்கும் மென்பொருள்) இல்லாமல் நிறுவிக்கு டிஸ்க் கண்ணில் படாது. அலுவலக பென் டிரைவில் ஐடி ஆட்கள் அதை முன்பே சேர்த்திருப்பார்கள்.

லேப்டாப் நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலுக்கு இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் இருக்கும். இறக்கி, பிரித்து (பிரிக்காமல் போட்டால் வேலைக்கு ஆகாது, நான் ஒரு ராத்திரியை அதில் தொலைத்தேன்), அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போடுங்கள். அந்தக் காலிப் பக்கத்திலேயே "லோட் டிரைவர்" இருக்கிறது, அதில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள்.

ஒற்றெழுத்து:

12ஆம் தலைமுறை. டிரைவரைக் காட்டியதும் டிஸ்க் வந்து நின்றது.

நிறுவி முடித்து, வைஃபை இணைத்து, தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது. நான் கீ எதுவும் அடிக்கவே இல்லை. மூன்று முறை சரிபார்த்த தாள் வீண்.

திருகாணி:

தாளைப் பத்திரமாக வையுங்கள். ஒரு வேலை பாக்கி: மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் டிஸ்க் குறியாக்கம் (டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது) தானாகவே தொடங்கியிருக்கும். அதற்கான 48 இலக்க மீட்பு எண் உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிறகொரு நாள் மதர்போர்டு மாற்றினால் முதலில் அதைத்தான் கேட்கும்.

ஒற்றெழுத்து:

பார்த்தேன், இருக்கிறது. அதையும் அதே தாளில் எழுதி, மூன்று முறை ஒப்பிட்டு, அலமாரியில் வைத்தாயிற்று. தோழியின் பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கும்போது "அலுவலகத்துக்கு மட்டும்" என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம்.

நாவலில் 212ஆம் பக்கம். மூலை சுத்தமாக இருக்கிறது.