பற்பசை தேய்த்தும் ஹெட்லைட் திரும்ப மஞ்சளாகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். காரின் இரண்டு ஹெட்லைட்டும் மஞ்சளடித்து மங்கிவிட்டன. பற்பசை தேய்த்தால் தெளிகிறது, கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. பல்பு மாற்றியும் இரவில் சாலை சரியாகத் தெரியவில்லை. புது லைட் வாங்காமல் வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?

பதில் 1:
முதலில் லைட்டின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால் கோளாறு வெளிப்பக்கம், தேய்த்தால் போகும். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் உள்ளே ஏதோ பிரச்சினை.

கேட்டவர்:
வலது பக்கம் நன்றாகவே தெளிகிறது. இடது பக்கமும் தெளிகிறது, ஆனால் உள்ளே கீழ் ஓரத்தில் நீர்த்துளிகள் தெரிகின்றன. கொசு விரட்டும் ஸ்ப்ரே அடித்தால் மஞ்சள் போய்விடும் என்கிறார்களே?

பதில் 2:
அதை மட்டும் செய்யாதீர்கள். அதில் பெரும்பாலும் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே இளக்கிவிடும். அப்போதைக்குப் பளபளக்கும், பிறகு நுண்ணிய வெடிப்பு விழலாம்.

லைட்டின் முன்பக்கத்தை மூடியிருக்கும் லென்ஸ், பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்க அதன்மேல் தொழிற்சாலையிலேயே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். அந்தப் பூச்சு சிதையும்போதுதான் மஞ்சளும் மங்கலும் வருகின்றன. பற்பசை மேலாக உள்ள அழுக்குப் படலத்தை எடுக்கும், பூச்சைத் திருப்பித் தராது. உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

லைட்டைக் கழுவித் துடைத்து, சுற்றியுள்ள பெயிண்டில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். தண்ணீர் போட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில் 800 அல்லது 1000-ஆம் எண்ணில் தொடங்கி, 1500, 2000, 3000 என்று போங்கள் (எண் கூடக் கூட தாள் மென்மையாகும்). தாள் காயவே கூடாது. முதல் தாளில் வழியும் நீர் மஞ்சளாக இருக்கும். அது வெள்ளையாகும்வரை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். அவசரப்பட்டு ஒரு தாளை விட்டுவிட்டால் அந்தக் கீறல் கடைசிவரை நிற்கும். அப்புறம் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை போட்டுப் பாலிஷ்.

கேட்டவர்:
வலது பக்கம் ஆரம்பித்தேன். 1000 முடிந்ததும் லைட் முழுக்க வெள்ளையாகிவிட்டது! கெட்டுப்போய்விட்டதா?

பதில் 2:
இல்லை, அப்படித்தான் ஆகும். ஒரே சீராக வெளுத்திருந்தால் பழைய பூச்சு முழுவதும் போய்விட்டது என்று அர்த்தம். அங்கங்கே திட்டாக இருந்தால்தான் இன்னும் தேய்க்க வேண்டும். தைரியமாகத் தொடருங்கள்.

ஆனால் பாலிஷோடு நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இப்போது அந்த லென்ஸுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. வெறுமனே விட்டால் முன்பைவிட வேகமாக மஞ்சளாகும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஹெட்லைட்டுக்கென்றே வரும் யூவி (புற ஊதாக் கதிர்) தடுப்புப் பூச்சைப் போடுங்கள். துணியால் பூசும் வகையே வீட்டுக்கு எளிது. ஸ்ப்ரேயாக அடிக்கும் கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) இன்னும் நாள் தாங்கும். அதில் ஹார்டனர் (பூச்சை இறுக்கும் திரவம்) கலக்கும் வகை என்றால், மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். திறந்த வெளியும் அதற்குரிய வடிகட்டி முகமூடியும் இல்லாமல் தொடவே கூடாது. சாதாரண மெழுகு சீக்கிரம் கழுவிப் போய்விடும்.

பதில் 1:
இடது லைட்டின் நீர்த்துளிக்கு இந்த வேலை எதுவும் உதவாது. பின்பக்க ரப்பர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, காற்றுத் துளை அடைத்திருக்கிறதா, லென்ஸ் ஓர சீல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடியைக் கழற்றி உள்ளே காயவிட்டு, நீர் புகும் இடத்தைச் சரிசெய்யுங்கள். அப்படியே உள்ளிருந்து வெளிச்சத்தை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டரையும் பார்த்துவிடுங்கள். அதன் வெள்ளி நிறப் பூச்சு கருகியோ உரிந்தோ இருந்தால் அந்தப் பக்கத்துக்குப் புது லைட் போடுவதே சரி.