பருவநிலை மாற்றம்னு சொன்னாலே "கர்நாடகாவுக்கு வக்காலத்தா?" என்கிறார்கள். எப்படிப் பேசுவது?

கடைமடை:
திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமசபையில் போர்வெல் தண்ணீர் உப்பாவதைப் பற்றிப் பேசணும். வாயைத் திறந்ததுமே ஒரு பக்கம் "தண்ணி தராதவனை விட்டுட்டு வானத்தைக் குறை சொல்றியா", இன்னொரு பக்கம் "வெள்ளைக்காரன் விட்ட புகைக்கு நம்ம தலையில கைவைக்கிறாங்க". எங்கே ஆரம்பிப்பது?

வெண்ணாறு:
பழி திசைமாறிவிடுமோ என்ற பயம்தான் அது. நியாயமான பயம். அதனால் உரிமையை முதலில் சொல்லிவிடுங்கள்: காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புப்படி, எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தரணும். குறைந்தால் கேட்டே ஆகணும். பிறகு அதே 2018ஐ எடுங்கள். ஜூலையிலேயே மேட்டூர் அணை நிரம்பி 120 அடியைத் தொட்டது. ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மதகுகள் உடைந்தன. நவம்பர் 16ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னையைச் சாய்த்தது. 2021 ஜனவரியில் அறுக்க நின்ற சம்பா மழையில் படுத்து, கதிரிலேயே முளைத்தது. இதற்கெல்லாம் எந்த மாநிலத்திடம் போய் நிற்பது? ஒரே ஒரு புயலைக் காட்டி "இதுதான் பருவநிலை மாற்றம்" என்று மட்டும் அடித்துச் சொல்லாதீங்க. கடல் சூடானால் புயலுக்கு வலு கூடும் என்பதோடு நிறுத்துங்கள்.

புகை விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் இந்தியா விடுவது உலக சராசரியில் பாதிகூட இல்லை. ஒத்துக்கொண்டுவிட்டு மேலே பேசுங்கள்.

வகுப்பெடுக்க மட்டும் வேண்டாம். அமெரிக்காவில் அறிவியல் நன்றாகத் தெரிந்தவர்களிடம்தான் இந்த விஷயத்தில் அணிப்பிளவு அதிகம் என்று 2012லேயே யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் கஹான் குழு காட்டியது. அங்கே கட்சி, இங்கே காவிரி.

அளவுகோல்:
அண்ணே, கையில் ஈ.சி. மீட்டரோடு போங்க. தண்ணி மின்சாரத்தைக் கடத்துவதை வைத்து உப்பை அளக்கும் கருவி அது. அவங்க போர் தண்ணியை அவங்க கண்முன்னாடியே அளக்கணும். முதல்ல 1.413 மில்லிசீமன்ஸ் காட்டவேண்டிய அளவுக் கரைசலில் மீட்டரைச் சரிபார்த்துக்குங்க. மோட்டாரை 15 நிமிஷம் ஓடவிட்டு, பாத்திரத்தை அதே தண்ணியில் மூணு தடவை அலசிட்டுப் பிடிங்க. குழாயில் தேங்கின தண்ணியைப் பிடித்தால் அளவு தப்பும். மில்லிசீமன்ஸ் கணக்கில் 2ஐத் தாண்டினால் நெல் மகசூல் இறங்க ஆரம்பிக்கும். 3க்கு மேல் போனால் அந்தத் தண்ணியையே நம்பி நெல் வைப்பது கஷ்டம்.

தண்ணி உப்பாவதற்குக் காரணம் சொல்லும்போது கடல்மட்டம் ஏறுவதோடு நிறுத்தாதீங்க. ஆற்றுமணலை அள்ளினது, கணக்கில்லாமல் இறைச்சது, அணைகளில் வண்டல் தங்கிப்போனது எல்லாத்தையும் சொல்லணும். மணல் அள்ளினவனை விட்டுட்டுப் பேசினால் எவரும் காதுகொடுக்க மாட்டாங்க.

கடைமடை:
எந்த மாதம் அளப்பது?

அளவுகோல்:
மே கடைசியில் ஒண்ணு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் ஒண்ணு. ரெண்டுக்கும் அதே போர், அதே ஆழம். கோடையில் ஏறின உப்பு மழைக்குப் பிறகும் இறங்காத போர்களைத் தனியாக எழுதி வைங்க.