வட கொரியாவில் மகன் வாரிசாகாமல் இருந்திருக்க வழி இருந்ததா?

கோத்தகிரி வாசகர் (கேள்வி):

எங்கள் வாசகர் வட்டத்தில் சென்ற ஞாயிறன்று வட கொரியாவைப் பற்றிப் பேச்சு வந்தது. 1994 ஜூலையில் கிம் இல் சுங் மறைந்ததும் மகன் கிம் ஜோங் இல்லும், 2011 டிசம்பரில் அவர் மறைந்ததும் பேரன் கிம் ஜோங் உன்னும் ஆட்சிக்கு வந்தார்கள். அந்நாட்டில் 1970-இல் வெளியான அரசியல் சொல்லகராதியே வாரிசுமுறையைச் சுரண்டல் சமூகங்களின் பிற்போக்கு வழக்கம் என்று விளக்கியிருந்தது. பிந்தைய பதிப்பில் அந்த விளக்கத்தை நீக்கிவிட்டார்கள். எந்த இடத்தில் வரலாறு வேறு பக்கம் திரும்பியிருந்தால் அகராதி சொன்னபடி நாடு நடந்திருக்கும்? கற்பனைதான் என்றாலும், நடந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கட்டுரையாக எழுத எண்ணியிருக்கிறேன்.

குன்னூர் வரலாற்று ஆசிரியை:

1956-ஐத் தவிர வேறு ஆண்டு எனக்குத் தோன்றவில்லை ஐயா. சோவியத் தலைவர் குருஷேவ் தமக்கு முன்பிருந்த ஸ்டாலினைக் கண்டித்துப் பேசிய அதே ஆண்டின் ஆகஸ்டில், சோ சாங் இக், பாக் சாங் ஓக் ஆகியோரின் அணியினர் வட கொரிய ஆளுங்கட்சியின் மத்தியக் குழுவிலேயே கிம் இல் சுங்கின் தனிநபர் வழிபாட்டை எதிர்த்தார்கள். அவர்கள் தோற்று வெளியேற்றப்பட்டபோது, செப்டம்பரில் மாஸ்கோவிலிருந்து சோவியத் தலைவர்களில் ஒருவரான மிக்கோயனும் பெய்ஜிங்கிலிருந்து சீனப் பாதுகாப்பு அமைச்சர் பெங் டெஹுவாயும் நேரில் வந்து அந்த முடிவைத் திரும்பப் பெற வைத்தார்கள். சீனப் படைகள் 1958 வரை கொரிய மண்ணில் இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அக்டோபரில் ஹங்கேரி சோவியத் பிடிக்கு எதிராகக் கொந்தளித்தது. மாஸ்கோவின் கவனம் அங்கே போயிற்று. கிம் மீண்டும் களையெடுப்பைத் தொடங்கினார். ஹங்கேரி ஓராண்டு பிந்தியிருந்தால், கிம் பதவி இழந்திருக்கலாம். மகனுக்கு அன்று சுமார் 15 வயதுதான்; வாரிசுப் பேச்சே எழுந்திருக்காது.

கூடலூர் தோட்டத்துப் பிள்ளை:

ஆசிரியை அம்மாவின் விளக்கம் எனக்குப் புதிய பாடம். ஆயினும் தலைவரை மட்டும் மாற்றினால் போதாது என்பது என் எண்ணம். நாங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, பிள்ளைகளில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால்தான் தோட்டம் தந்த லயன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு) தொடர்ந்து இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த அண்ணன், புத்தகங்களைத் தகரப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மறுநாள் காலை கவாத்துக் கத்தியோடு மலையேறினார். அவர் வாரிசாக ஆசைப்பட்டவர் அல்லர். கூரை போய்விடுமோ என்று வீட்டிலிருந்த நாங்கள்தாம் அஞ்சினோம்.

கிம்மோடு காட்டில் போராடிய பழைய தோழர்களின் நிலையும் அதுதான் என்று நினைக்கிறேன். ஸ்டாலின் இறந்த மூன்றே ஆண்டுகளில் அவர் பெயருக்கு நேர்ந்ததையும், சீனாவில் மாவோ தாமே வாரிசாகத் தெரிந்தெடுத்த லின் பியாவோ 1971-இல் தப்பியோடும்போது விமான விபத்தில் இறந்ததையும் அவர்கள் பார்த்தார்கள். தலைவரின் மகன் வந்தால் தங்கள் பதவியும் பெயரும் பத்திரமாக இருக்கும் என்று நம்பித்தான் படைத் தளபதி ஓ ஜின் யு போன்றவர்கள் 1974-இல் மகனை ஏற்றார்கள். அந்த அச்சத்துக்கு வேறு மருந்து கொடுக்காமல், கட்டுரையில் மகனை மட்டும் நீக்கிவிட்டால், அவர்கள் இன்னோர் உறவினரைத் தேடியிருப்பார்கள்.

கொடைக்கானல் நூலகர்:

அந்த மருந்து வியட்நாமில் இருக்கிறது. அந்நாட்டுத் தலைவர் ஹோ சி மின் 1969-இல் மறைந்தபோது அதிகாரம் கட்சிச் செயலாளர் லெ துவானின் கைக்கும் கூட்டுத் தலைமைக்கும் போனது. லெ துவான் 1986 வரை பதவியில் இருந்தார். அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகள் வரவில்லை. அதே ஆண்டு டிசம்பர் மாநாட்டில் ட்ருவாங் சின், பாம் வான் டோங், லெ டுக் தோ ஆகிய மூன்று முதியவர்களும் அரசியல் குழுவிலிருந்து ஒன்றாக விலகி, மத்தியக் குழுவின் ஆலோசகர்கள் ஆனார்கள். மரியாதையும் வீடும் போகாமல் நாற்காலியை விட்டு எழ ஒரு வழி கிடைத்தது. சீனாவும் 1982-இல் மூத்தவர்களுக்கென்றே ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்து, பத்தாண்டுகள் வைத்திருந்தது. வட கொரியக் கட்சியின் 1970 மாநாட்டில் இப்படி ஒன்று பிறந்ததாக எழுதிப் பாருங்கள். ஒரு கட்சி ஆட்சி அப்போதும் இருந்திருக்கும். அதை மறைக்க வேண்டாம்.

கோத்தகிரி வாசகர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 1970 மாநாட்டிலிருந்தே தொடங்குகிறேன். அப்போது அடுத்த தலைவராகப் பேசப்பட்டவர் கிம்மின் தம்பி கிம் யோங் ஜு. அவரை எங்கே வைப்பது என்பதுதான் குழப்பம்.

கூடலூர் தோட்டத்துப் பிள்ளை:

தம்பியும் அதே வீட்டுக்காரர்தானே ஐயா. 1972 ஜூலையில் தென் கொரியாவோடு செய்த கூட்டறிக்கையில் கையெழுத்திட்டவர் அவர். அந்தப் பேச்சுவார்த்தையைத் தொடரும் பொறுப்பை மட்டும் அவருக்குக் கொடுங்கள்; கட்சியின் பொதுச்செயலாளரை மத்தியக் குழு வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும்.