பள்ளி வாசலில் பைக் நெரிசல்: பிள்ளைகளை நடந்தும் சைக்கிளிலும் வரவைப்பது எப்படி?

வாசற்படி:
வணக்கம். எங்களுடையது நகராட்சி நடுநிலைப் பள்ளி, 1 முதல் 8 வரை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீடு ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் பாதிக்கு மேல் பைக்கில் வருகிறார்கள், ஒரே வண்டியில் மூன்று பேர், நான்கு பேர் என்று. காலை 8:45-லிருந்து மணி அடிக்கும்வரை வாசலில் கால் வைக்க இடமில்லை. நடந்து வருகிற பிள்ளைக்கு அந்த பைக்குகள்தான் ஆபத்து. அதைப் பார்த்து பயந்து அந்த வீட்டிலும் பைக்கை எடுக்கிறார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசியிருக்கிறோம், ஜூனில் பள்ளி திறக்கும்போதே தொடங்க எண்ணம். சேர்த்து நடத்திக் கூட்டிவர எத்தனை பெரியவர்கள் வேண்டும்? சைக்கிளை எந்த வகுப்பிலிருந்து அனுமதிக்கலாம்? வழியில் ஒரு மாநில நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும், சிக்னல் கிடையாது. அதற்கு என்ன வழி? நோட்டீஸ் அடித்துக் கொடுத்தாயிற்று, ஒன்றும் அசையவில்லை.

தெருமுனை:
நடப்பது உடம்புக்கு நல்லது என்று பெற்றோருக்குத் தெரியும். காலை எட்டரைக்கு யார் கூட்டிப்போவது, ரோட்டை யார் கடத்திவிடுவது என்பதுதான் அவர்கள் கவலை. நோட்டீஸில் அதற்குப் பதில் இருக்காது.

முதலில் கணக்கெடுங்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் வகுப்பாசிரியர் "இன்றைக்கு எப்படி வந்தாய்?" என்று கேட்டுக் கைகளை எண்ணி எழுதட்டும். "வழக்கமாக எப்படி வருவாய்?" என்று கேட்டால் பிள்ளைகள் ஆசைப்படுவதைச் சொல்லிவிடுவார்கள். பிறகு வார்டு வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகள் கொத்தாக விழுகிற திசை தெரிந்துவிடும். அந்த ஒரு வழியை மட்டும் எடுங்கள். நான்கைந்து வழிகளை ஒன்றாகத் தொடங்கினால் ஆள் பற்றாமல் காலாண்டுத் தேர்வுக்குள் எல்லாம் நின்றுபோகும். ஒரு வழி, வாரத்தில் இரண்டு நாள், அதுவும் காலையில் மட்டும் என்றால் தாக்குப்பிடிக்கும்.

அந்த வழியைப் பள்ளி நேரத்திலேயே ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு நடந்து பார்க்க வேண்டும். மூடி இல்லாத மழைநீர் வடிகால், டிரான்ஸ்பார்மர் வந்து நடைபாதையை முடித்துவைக்கும் இடம், குப்பைத் தொட்டியருகே நாய்கள், சந்திலிருந்து பின்னால் எடுக்கும் வேன் எல்லாம் அந்த நேரத்தில்தான் கண்ணில் படும். வடிகால் மூடியை ஜூனிலேயே நகராட்சியில் எழுதிக் கொடுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிவிட்டால் பள்ளம் எது, ரோடு எது என்றே தெரியாது.

சின்னப் பிள்ளைகள் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில்தான் நடப்பார்கள். ஒரு கிலோமீட்டருக்கு 20 நிமிடம், நிறுத்தங்களோடு 30 என்று வையுங்கள். பெட்டிக்கடை, பிள்ளையார் கோயில், ரேஷன் கடை என்று ஊருக்குத் தெரிந்த இடங்களே நிறுத்தமாகட்டும். ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதி ஒட்டுங்கள், இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்தால் அடுத்த நிறுத்தத்தில் நிற்கிற அம்மா நேரத்தைப் பார்த்துவிட்டு பைக்கைக் கிளப்பிவிடுவார். அதோடு அந்த வீடு திரும்ப வராது.

1 முதல் 3 வகுப்புவரை நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒருவர், 4, 5 வகுப்புக்கு எட்டுப் பேருக்கு ஒருவர். ஆனால் கூட்டம் எவ்வளவு சிறியதானாலும் இருவர் வேண்டும், முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். ஒரு பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் ஒருவர் அங்கே நிற்க, மற்றவர்களை இன்னொருவர் கூட்டிப்போகலாம். ஒவ்வொரு நாளுக்கும் மாற்றாள் ஒருவரைக் குறித்துவையுங்கள். யார் வருகிறார்கள் என்பதைத் தலைமையாசிரியர் முன்பே பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், இதில் தாட்சண்யம் வேண்டாம். பெற்றோர் கையெழுத்தும் இரண்டு போன் நம்பரும் உள்ள பட்டியல் கையில் இருக்கட்டும். வாசலில் ஆசிரியரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்தால்தான் அன்றைய வேலை முடிந்தது.

பையையும் கவனியுங்கள். 2020 பள்ளிப் பைக் கொள்கைப்படி பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோ. அதற்கு மேல் தூக்கிக்கொண்டு எந்தப் பிள்ளையும் சந்தோஷமாக நடக்காது. நோட்டுகளை வகுப்பு அலமாரியிலேயே வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

பைக்கில்தான் வந்தாக வேண்டும் என்பவர்களுக்கு வாசலிலிருந்து 300 மீட்டர் தள்ளி இறக்கிவிடும் இடம் ஒன்று குறித்துக் கொடுங்கள். காலையில் காலியாகக் கிடக்கும் கல்யாண மண்டபத்து முன்பக்கம் போதும். நடைக் கூட்டம் அந்த இடத்தைத் தாண்டி வரும்படி வழியை அமைத்தால் அந்தப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். வாசல் நெரிசல் இதில்தான் முதலில் குறையும்.

காட்டர்பின்:
சைக்கிள் பற்றி. நடுநிலைப் பள்ளிகளில் பெரிய சிக்கல் அளவுதான். பதினோராம் வகுப்பில் அக்காவுக்கு அரசு கொடுத்த சைக்கிள் ஆறாம் வகுப்புத் தம்பிக்கு இறங்கிவிடும். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. அவசரமாக நிறுத்தும்போது அப்படியே பக்கவாட்டில் சாய்வான். தோராயமாக 135 செ.மீ. உயரம்வரை 20 அங்குல வீல், 150 வரை 24, அதற்கு மேல் 26. சீட்டில் இருக்கையில் இரண்டு காலின் முன்பாதமும் தரையைத் தொட வேண்டும். நன்றாகப் பழகிய பிறகு சீட்டைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

மாதம் ஒரு சனிக்கிழமை பக்கத்து சைக்கிள் கடைக்காரரைப் பள்ளிக்கு அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழு நிதியிலிருந்து கூலி கொடுத்துவிடுங்கள், இலவசமாகக் கேட்டால் இரண்டாம் மாதம் வரமாட்டார். பார்க்க வேண்டியவை: பிரேக் லீவரை முழுதாகப் பிடித்தாலும் ஹேண்டில்பாருக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். பிரேக் கட்டை ரிம்மில் படவேண்டும், டயரில் உரசினால் டயர் கிழியும். செயினை நடுவில் அழுத்தினால் ஒரு செ.மீ., ஒன்றரை செ.மீ. ஆடலாம், அதற்கு மேல் தொங்கினால் கழன்று விழும். மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை "டக்" என்று கேட்டால் பெரும்பாலும் காட்டர் பின் (பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் தண்டை அச்சோடு இறுக்கும் ஆணி) தளர்ந்திருக்கும். புது சைக்கிளிலும் இது வரும். அப்படியே ஓட்டினால் கிராங்க் துளை தேய்ந்து கிராங்கையே மாற்ற வேண்டிவரும்.

ராத்திரி அடித்த காற்று காலையில் இறங்கியிருந்தால் உடனே பஞ்சர் என்று டியூபை வெளியே இழுக்காதீர்கள். பல நேரம் வெடித்துப்போன வால்டியூப்தான் (வால்வுக்குள் மாட்டும் சின்ன ரப்பர் குழாய்) காரணம். வால்வில் எச்சில் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் வால்டியூபை மாற்றினால் போதும். பள்ளியில் ஒரு கைப்பம்பும் கொஞ்சம் வால்டியூபும் இருந்தால், பிள்ளைகள் சைக்கிளை வீட்டில் போடுவதற்கான பாதிக் காரணம் ஒழிந்தது.

துப்பட்டாவைப் பின்னால் முடிந்து இரண்டு பக்கமும் பின் குத்த வேண்டும். செயின் கவர் இல்லாத சைக்கிளைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மழையில் குடை பிடித்து ஓட்டுவதையும் தடுத்துவிடுங்கள். ஒரு கை குடைக்குப் போனால் ஒரு பிரேக்தான் மிச்சம், ஈர ரிம்மில் அதுவும் சரியாகப் பிடிக்காது. மழைக்கோட்டு போதும்.

வெள்ளைக்கோடு:
நெடுஞ்சாலை விஷயத்துக்கு வருகிறேன். வேகம் குறையாமல் கோடு மட்டும் போட்டால் பலனில்லை. கோடு இருக்கிறதென்ற நம்பிக்கையில் பிள்ளை இறங்கும், லாரி நிற்காது. மக்களும் வண்டியும் கலக்கிற இடங்களில் மணிக்கு 30 கி.மீ. என்பது சாலைப் பாதுகாப்புக்கான 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனத்திலேயே உள்ள உச்ச வேகம். மனுவில் இதைக் குறிப்பிடுங்கள்.

வேகத்தடை கேட்கும்போது அளவோடு கேளுங்கள். இந்திய சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) வேகத்தடை நெறிமுறையான ஐ.ஆர்.சி. 99 சொல்வது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், வண்டி 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கும்படி. ஊரில் ராவோடு ராவாகப் போடுகிற குறுகிய மேடு இதில்லை. அதில் சைக்கிளும் பைக்கும்தான் தூக்கி எறியப்படும், லாரிக்கு ஒன்றும் ஆகாது. முன்னெச்சரிக்கைப் பலகையும் வெள்ளைப் பட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

நகராட்சியில் கொடுத்தால் "எங்கள் ரோடு இல்லை" என்பார்கள். மாநில நெடுஞ்சாலைக்கு நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர்தான். மேலாண்மைக் குழுத் தீர்மான நகல், பள்ளி நேரத்தில் எடுத்த போட்டோ, 15 நிமிடத்தில் எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்ற எண்ணிக்கை மூன்றையும் இணைத்து அவருக்கு ஒன்று, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியருக்கு ஒன்று. மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஆட்சியரே தலைவர் என்பதால் அங்கே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இது நடக்க மாதங்கள் ஆகலாம். அதுவரை கடக்கும் இடத்தில் ஒளிரும் மேலங்கியோடு இரண்டு பெரியவர்கள், ரோட்டுக்கு இந்தப்புறம் ஒருவர், அந்தப்புறம் ஒருவர். போக்குவரத்துக் காவலரைக் காலை அரை மணி நேரத்துக்கு எழுத்தில் கேளுங்கள். ஆர்.எஸ்.பி. (பள்ளிச் சாலைப் பாதுகாப்புப் படை) மாணவர்களை நடு ரோட்டில் நிறுத்தாதீர்கள், ஓரத்தில் பிள்ளைகளை வரிசைப்படுத்துவது மட்டுமே அவர்கள் வேலை. நின்ற பஸ்ஸுக்கு முன்னால் கடக்கக் கூடாது, பஸ் நகர்ந்து ரோடு தெரிந்த பிறகுதான் என்பதை எல்லா வகுப்பிலும் செய்து காட்டுங்கள்.

வாசற்படி:
மூவருக்கும் நன்றி. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் தெருவில் நன்றாகவே சைக்கிள் ஓட்டுகிறார்கள். அவர்களை அனுமதிக்கலாமா?

காட்டர்பின்:
தெருவழியாகவே வந்துவிட முடியும் என்றால், பெரியவர் ஒருவர் கூட ஓட்டிவந்தால் சரி.

வெள்ளைக்கோடு:
நெடுஞ்சாலை குறுக்கே வந்தால் நான் ஒப்பமாட்டேன். ஒன்பது, பத்து வயதுவரை எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கண்ணால் கணிப்பது பிள்ளைகளுக்குக் கடினம், சைக்கிள் ஓட்டும் திறமை அதற்கு உதவாது. அவர்கள் நடைக் கூட்டத்தில் வரட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து, மைதானத்தில் சோதித்துவிட்டு அனுமதியுங்கள். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே கைகாட்ட வேண்டும், தடுமாறாமல் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும், சொன்ன கோட்டில் இரண்டு பிரேக்கும் பிடித்து நிறுத்த வேண்டும். மூன்றும் வந்தால் போதும்.

எட்டாம் வகுப்பில் யாராவது ஸ்கூட்டரில் வந்தால் அன்றே பெற்றோரை அழைத்துச் சொல்லிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 199-ஏ பிரிவில் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டுவரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது.