கண்டெய்னர் பட்டியலில் பாதி வரிசைகளுக்கு மட்டும் தேதிக் கணக்கு வரவில்லை: எக்செல் உதவி தேவை

ராயபுரம் ஊழியர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ராஜாஜி சாலையை ஒட்டிய தெருவில் உள்ள ஒரு சிறிய கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ஆவணங்களையும் கணக்கையும் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்களின் இறக்குமதிக் கண்டெய்னர்கள் துறைமுகத்திலிருந்து மணலிப் பக்கம் உள்ள யார்டுக்குப் போனதும், யார்டு அலுவலகம் வாரந்தோறும் ஒரு சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) மின்னஞ்சலில் அனுப்புகிறது. அதில் கண்டெய்னர் எண்ணும் கப்பலின் பெயரும் வந்த தேதியும் இருக்கும். வந்த தேதியுடன் 14 இலவச நாட்களைக் கூட்டி, அதிலிருந்து இன்றைய தேதியைக் கழித்து, காலிப் பெட்டியைத் திருப்பி ஒப்படைக்க எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று காட்டும் ஒரு நெடுவரிசையை எக்செலில் வைத்திருக்கிறோம். கெடு தாண்டினால் கப்பல் நிறுவனம் டிடென்ஷன் கட்டணம் போடத் தொடங்கிவிடும் என்பதால், எந்தப் பெட்டிக்கு முதலில் டிரெய்லர் அனுப்புவது என்பதை அந்த நெடுவரிசையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்த பிறகு, மார்ச் மாதக் கோப்பைத் திறந்தால் பல வரிசைகளில் #வேல்யூ! என்ற பிழை வருகிறது. மற்ற வரிசைகளில் விடை வந்தாலும், சிலவற்றில் மிச்ச நாட்கள் நம்ப முடியாத அளவுக்கு அதிகமாக இருக்கின்றன. ஃபார்மட் செல்ஸில் போய் தேதியின் வடிவத்தை மாற்றிப் பார்த்தேன். பிழை வந்த வரிசைகள் அப்படியே இருந்ததால் பழைய வடிவத்துக்கே திரும்பிவிட்டேன். பிழை காட்டும் வரிசைகளை மட்டும் கையால் திருத்திக்கொண்டு வேலையைத் தொடரலாமா, அல்லது மொத்தமாகச் சரிசெய்ய வழி இருக்கிறதா? எங்களிடம் இருப்பது எக்செல் 2019, விண்டோஸ் 11.

வியாசர்பாடி பட்டறைக்காரர்:

எங்கள் லேத் பட்டறையின் வேலைப் பட்டியலிலும் தேதிகள் இப்படி எழுத்தாக நின்றுபோனதுண்டு. அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் மூலம் சாய்கோட்டை எடுத்துவிட்டுச் சிறுகோட்டைப் போட்டோம். எல்லாம் தேதியாக மாறிவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள்.

தண்டையார்பேட்டை பயிற்றுநர்:

ராயபுரம் நண்பருக்கு: பிழை காட்டும் வரிசைகளை மட்டும் திருத்திவிட்டு மேலே போக வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், யார்டு அனுப்பிய தேதி கெடாமல் இருப்பது பிழை காட்டும் வரிசைகளில்தான். பிழையே காட்டாமல் விடை தரும் வரிசைகளில்தான் தேதி மாறியிருக்கிறது.

எக்செல் ஒவ்வொரு தேதியையும் ஓர் எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. 1900 ஜனவரி 1ஆம் தேதியை 1 என்று வைத்து அதிலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் 2025 மார்ச் 5 என்பது 45721. சி.எஸ்.வி. கோப்பில் 05/03/2025 என்று வெறும் எழுத்தாக இருப்பதை இந்த எண்ணாக மாற்றும்போது, முன்னால் இருப்பது நாளா மாதமா என்பதை அது விண்டோஸின் பிராந்திய அமைப்பைக் கேட்டே தெரிந்துகொள்கிறது. உங்கள் புதுக் கணினி அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த அமைப்பில் மாதம் முன்னால் வரும் என்பதால், மார்ச் 5 என்று யார்டு எழுதியது மே 3 ஆகி, 45780 என்ற எண்ணாகப் பதிவாகிவிடுகிறது. ஒரே பெட்டிக்கு 59 நாள் வித்தியாசம்! 18/03/2025 என்று வரும்போது பதினெட்டாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், எக்செல் அதைத் தொடாமல் எழுத்தாகவே விட்டுவிடுகிறது. அந்த எழுத்துடன் 14ஐக் கூட்ட முடியாமல்தான் #வேல்யூ! வருகிறது.

இதில் என்னைக் கவலைப்பட வைப்பது, கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போவதுதான். மே 3 ஆகிவிட்ட தேதியை அமெரிக்க அமைப்பு 5/3/2025 என்றே திரையில் காட்டும். நாள் முதலில் என்று படித்துப் பழகிய நாம் அதை மார்ச் 5 என்றே வாசித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று நகர்ந்துவிடுவோம். ஓர் ஆண்டின் 365 நாட்களில் 144 நாட்கள் இப்படி மறுப்பின்றித் தேதியாக ஏற்கப்படும்; அவற்றில் 04/04 போல நாளும் மாதமும் ஒரே எண்ணாக அமைந்த 12 நாட்கள் மட்டுமே சரியாக இருக்கும். மீதி 132 நாட்கள் சத்தமில்லாமல் வேறு நாளாகிவிடும். எழுத்தாக நின்று பிழை காட்டுகிற 221 நாட்கள் நமக்கு நன்மையே செய்கின்றன.

பட்டறை நண்பர் சொன்ன வழி அவருடைய கணினியில் பலித்ததற்குக் காரணம், அது இந்திய அமைப்பில் இருந்திருக்கும். அமெரிக்க அமைப்பில் 18-03-2025 என்று மாற்றினாலும் அது எழுத்தாகவே நிற்கும். மாறிப்போன தேதிகளும் மாறியபடியே கிடக்கும். ஃபார்மட் செல்ஸும் எண்ணைத் தொடாது. எண்ணுக்கு மேலே போட்ட உடையைத்தான் மாற்றும்.

உறுதிசெய்துகொள்ள மூன்று சோதனைகளைச் செய்து சொல்லுங்கள். நெடுவரிசையின் அலைன்மெண்ட்டை நீக்கிவிட்டுப் பார்த்தால், எண்ணாக உள்ள தேதிகள் வலப்பக்கமும் எழுத்தாக உள்ளவை இடப்பக்கமும் ஒதுங்கியிருக்க வேண்டும். மார்ச் 5இல் வந்தது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பெட்டியின் தேதியை ஜெனரல் வடிவத்துக்கு மாற்றினால், 45721க்குப் பதில் 45780 வர வேண்டும். பிறகு அந்த நெடுவரிசைக்கு ஃபில்டர் போட்டு அதன் பட்டியலைத் திறந்து பாருங்கள். மார்ச் மாதக் கோப்பாக இருந்தும் ஜனவரி முதல் டிசம்பர் வரை எல்லா மாதங்களும் தென்பட்டு, ஒவ்வொரு மாதத்தின் கீழும் 3ஆம் தேதி மட்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். மார்ச் என்ற 3 அங்கே நாளாக உட்கார்ந்திருக்கிறது.

ராயபுரம் ஊழியர்:

மிக்க நன்றி ஐயா. மூன்று சோதனைகளும் நீங்கள் சொன்னபடியே வந்தன. ஃபில்டர் பட்டியலில் ஒவ்வொரு மாதத்தின் கீழும் 3 என்று நிற்பதைப் பார்த்ததும் திடுக்கிட்டுவிட்டது. மார்ச் 12இல் வந்த பெட்டிகள் டிசம்பர் 3 என்று பதிவாகி, மாதக்கணக்கில் அவகாசம் இருப்பதாகக் காட்டுகின்றன. மார்ச் 1இல் வந்தவையோ ஜனவரி 3 ஆகி, கெடு எப்போதோ தாண்டிவிட்டதாகக் காட்டுகின்றன. சவுகார்பேட்டை வாடிக்கையாளர் ஒருவர், என் பெட்டி ஏன் இன்னும் திரும்பவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்ததற்கும் காரணம் புரிகிறது.

இந்த வாரக் கோப்பு மின்னஞ்சலில் அப்படியே இருக்கிறது. ஆனால் முந்தைய வாரப் பட்டியல்களில் நாங்கள் குறிப்புகள் எழுதி, டெலிவரி ஆர்டர் (பெட்டியை விடுவிக்கக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) பார்த்துச் சில வரிசைகளைக் கையாலும் சேர்த்திருக்கிறோம். அவற்றை எப்படி மீட்பது?

தண்டையார்பேட்டை பயிற்றுநர்:

மூலக் கோப்பு கையில் இருக்கும் வரை அதிலிருந்தே மறுபடி தொடங்குவதுதான் பாதுகாப்பான வழி. அதற்கு முன் கண்ட்ரோல் பேனலில் ரீஜன் என்பதைத் திறந்து, ஃபார்மட்டை இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றிக்கொள்ளுங்கள். இது இனிமேல் திறக்கும் கோப்புகளுக்கும் இனிமேல் தட்டச்சு செய்யும் தேதிகளுக்கும்தான் பயன்படும். ஏற்கெனவே எண்ணாகப் பதிந்துவிட்டதை இது திருத்தாது. அமைப்பை மாற்றிய பிறகு பழைய பட்டியலைத் திறந்தால், முன்பு 5/3 என்று தெரிந்த தேதி 03-05 என்று தெரியக்கூடும். தேதி புதிதாகக் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருந்த மே 3 இப்போதுதான் வெளியே தெரிகிறது.

வாரக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு வெற்று எக்செல் கோப்பில் டேட்டா தாவலுக்குப் போய், ஃப்ரம் டெக்ஸ்ட் சி.எஸ்.வி. என்பதன் வழியாக யார்டு கோப்பைத் தேர்ந்தெடுத்து, டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா என்பதை அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தின் வலப்பக்கத்தில் அப்ளைடு ஸ்டெப்ஸ் என்ற பட்டியல் இருக்கும். அதில் சேஞ்ஜ்டு டைப் என்ற படியை எக்செல் தானாகவே சேர்த்திருக்கும். அதை முதலில் நீக்கிவிடுங்கள். பலர் இந்த இடத்தைக் கவனிக்காமல் அதற்கு மேலேயே அடுத்த படியைப் போடுகிறார்கள். அப்போது கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், தவறாக மாறிய தேதியின் மேல்தான் உங்கள் திருத்தம் போய் விழும். நீக்கிய பிறகு, வந்த தேதி நெடுவரிசையின் தலைப்பில் வலச்சொடுக்கு செய்து, சேஞ்ஜ் டைப், அதனுள் யூஸிங் லொகேல் என்று போய், வகையை டேட் என்றும் லொகேலை, அதாவது எந்த நாட்டு முறை என்பதை, இங்கிலீஷ் இந்தியா என்றும் கொடுத்து, குளோஸ் அண்ட் லோட் செய்யுங்கள். யார்டு கோப்பின் முறை இன்னது என்று இங்கே நீங்களே எழுதிவைத்துவிடுவதால், நாளைக்குக் கணினி மாறினாலும் தேதி மாறாது. அடுத்த வாரக் கோப்பை அதே பெயரில் அதே கோப்புறையில் சேமித்து, ரிஃப்ரெஷ் ஆல் என்று ஒரு முறை அழுத்தினால் போதும்.

பழைய பட்டியல்களுக்கு ஃபார்முலாதான் வழி. தேதி ஏ நெடுவரிசையில் இருந்தால், பக்கத்தில் ஒரு புது நெடுவரிசை வையுங்கள். இஃப் சார்பையும் ஐஸ்நம்பர் சார்பையும் கொண்டு, ஏ2 எண்ணா எழுத்தா என்று முதலில் கேளுங்கள். எண்ணாக இருந்தால் டேட் சார்பைப் போட்டு, அது ஆண்டு, மாதம், நாள் என்று வரிசையாகக் கேட்கும் மூன்று இடங்களில், இயர் சார்பை முதலிலும், டே சார்பை மாதத்தின் இடத்திலும், மன்த் சார்பை நாளின் இடத்திலும் வையுங்கள். இடம் மாறியவை மீண்டும் இடம் மாறிச் சரியாகிவிடும். எழுத்தாக இருந்தால் அதே டேட் சார்பில், ரைட் சார்பால் கடைசி 4 எழுத்துகளை ஆண்டாகவும், மிட் சார்பால் 4ஆம் எழுத்திலிருந்து 2 எழுத்துகளை மாதமாகவும், லெஃப்ட் சார்பால் முதல் 2 எழுத்துகளை நாளாகவும் எடுங்கள். டேட்வேல்யூ சார்பு இதைவிடச் சுருக்கமாகத் தோன்றலாம். ஆனால் அதுவும் கணினியின் பிராந்திய அமைப்பையே நம்பும் என்பதால் இந்த வேலைக்கு நான் அதைத் தொடமாட்டேன்.

கையால் சேர்த்த வரிசைகளை இந்த ஃபார்முலாவுக்குள் விடாதீர்கள். பழைய கணினியில் தட்டச்சு செய்ததாக இருந்தால் அந்தத் தேதி சரியாகவே இருக்கும். அதை ஃபார்முலா கெடுத்துவிடும். புதுக் கணினியில் தட்டச்சு செய்ததாக இருந்தால் அதுவும் மாறிப்போயிருக்கும். இரண்டையும் கணினியால் பிரித்தறிய முடியாது; டெலிவரி ஆர்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியதுதான்.

பெரம்பூர் இல்லத்தரசி:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். வீட்டுச் செலவுக் கணக்கைக் கூகுள் ஷீட்ஸில் வைத்திருக்கிறேன். வங்கிக் கணக்கு அறிக்கையைச் சி.எஸ்.வி.யாக இறக்கி அதில் சேர்க்கிறேன். மாதவாரியாகக் கூட்டும்போது மளிகைச் செலவு சில மாதங்களில் குறைந்தும், இன்னும் வராத மாதங்களில்கூடச் செலவு இருப்பதாகவும் காட்டுகிறது. இதுவும் அதே கோளாறுதானா? அதில் விண்டோஸ் அமைப்பை மாற்றினால் சரியாகுமா?

தண்டையார்பேட்டை பயிற்றுநர்:

அதே கோளாறுதான் அம்மா. ஆனால் கூகுள் ஷீட்ஸ் விண்டோஸைக் கேட்பதில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி லொகேல் இருக்கிறது. ஃபைல், செட்டிங்ஸ் என்று போனால், லொகேல் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று இருப்பதைப் பார்ப்பீர்கள். அதை இந்தியா என்று மாற்றிய பிறகு, வங்கி அறிக்கையைப் புதிய தாளில் மறுபடி இறக்குங்கள். வீட்டுக் கணக்குக்கு ஃபார்முலா போட்டு மீட்க வேண்டிய அவசியமே இல்லை. இறக்கிவைத்த மூலக் கோப்பு இல்லாவிட்டாலும் வங்கித் தளத்திலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

எக்செலுக்குப் பதில் லிப்ரே ஆஃபிஸ் கால்க் என்ற இலவச மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. சி.எஸ்.வி.யைத் திறக்கும்போதே வரும் சாளரத்தில் தேதி நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கி, வகையை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையுள்ள தேதியாகக் குறித்துவிட்டால் போதும்.

ராயபுரம் ஊழியர்:

வாரக் கோப்பைப் புது வழியில் ஏற்றிவிட்டேன், #வேல்யூ! ஓர் இடத்திலும் இல்லை, மிச்ச நாட்களும் யார்டு பதிவேட்டோடு ஒத்துப்போகின்றன. பழைய பட்டியல்களில் ஃபார்முலா போட்டு, கையால் சேர்த்த வரிசைகளை டெலிவரி ஆர்டரோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கெடு நெருங்கிய பெட்டிகளுக்கு இன்றே டிரெய்லர் சொல்லியாகிவிட்டது. இனி இப்படி நடந்தால் உடனே தெரிந்துகொள்ள ஏதாவது வழி வைக்க முடியுமா ஐயா?

தண்டையார்பேட்டை பயிற்றுநர்:

முடியும். பட்டியலின் தலைப்புக்கு மேலே நான்கு கட்டங்களை ஒதுக்குங்கள். தேதி நெடுவரிசைக்கு முதல் கட்டத்தில் கவுண்ட்ஏ சார்பையும், இரண்டாவதில் கவுண்ட் சார்பையும் போடுங்கள். கவுண்ட்ஏ நிரம்பிய கட்டங்கள் எல்லாவற்றையும் எண்ணும்; கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் எங்கோ ஒரு தேதி எழுத்தாக நிற்கிறது என்று பொருள். மூன்றாவதிலும் நான்காவதிலும் மின், மேக்ஸ் சார்புகளைப் போட்டுத் தேதி வடிவம் கொடுங்கள். அந்தக் கோப்பு எந்த மாதத்துடையதோ அந்த மாதத்துக்கு வெளியே இவற்றில் ஒன்று போனாலும், டிரெய்லர் சொல்வதற்கு முன் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

யார்டு அலுவலகத்திடமும் ஒரு வேண்டுகோள் வைத்துப் பாருங்கள். அவர்கள் தேதியை 2025-03-05 என்று ஆண்டை முன்னால் வைத்து அனுப்பினால், இந்திய அமைப்பானாலும் அமெரிக்க அமைப்பானாலும் எக்செல் அதை மார்ச் 5 என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் அலுவலகத்தில் கையால் தேதி போடுபவர்கள், மாதத்தை எண்ணாக எழுதாமல் மூன்று ஆங்கில எழுத்துகளில் எழுதட்டும்.