அழித்த பிறகும் இடத்தை விடாத லாக் கோப்பு

வணக்கம். ஜூரோங் தரவு மையத்திலுள்ள எங்கள் உபுண்டு சர்வரில், வட்டின் மொத்தப் பயன்பாட்டைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளை, வட்டு 97 விழுக்காடு நிரம்பியதாகக் காட்டுகிறது. கோப்புகளின் அளவைக் கூட்டிக் காட்டும் 'டியூ' கட்டளையோ அதில் பாதிக்குக்கூடக் கணக்குக் காட்டவில்லை. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்ஓஎஃப்' மூலம் தேடியபோது, அழிக்கப்பட்ட பெரிய லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பு ஒன்றை ஜாவா நிரல் இன்னும் திறந்தே வைத்திருப்பதும், அதனால்தான் இடம் விடுபடவில்லை என்பதும் தெரிந்தன. சேவையை நிறுத்தித் தொடங்கினால் தீர்ந்துவிடும்; ஆனால் பராமரிப்பு நேரம் ஞாயிறு பின்னிரவில்தான் கிடைக்கும், அதுவரை வட்டு தாங்குமா என்பது ஐயமே. ஓடும் நிரல்களின் விவரங்களைக் காட்டும் 'புரோக்' கோப்பகத்தில், அவை திறந்துள்ள கோப்புகளுக்கான இணைப்புகள் அடங்கிய 'எஃப்டி' வழியாக, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கோப்பை 'ட்ரங்கேட்' செய்து காலியாக்கலாம் என்று அறிவேன். வாடிக்கையாளர் பயன்பாட்டிலுள்ள சர்வரில் இவ்வாறு செய்து பார்த்தவர்கள், நிரல் இடையில் தடுமாறியதா எனத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். இனி, லாக் கோப்புகளை அவ்வப்போது சுழற்சி முறையில் மாற்றும் 'லாக்ரொட்டேட்' அமைப்பில், கோப்பை நகலெடுத்தபின் மூலத்தைக் காலியாக்கும் 'காப்பிட்ரங்கேட்' போதுமா? நகலெடுக்கும் நொடியில் சில வரிகள் விடுபடக்கூடும் என்பதே என் தயக்கம்.