போட்டிக்கு வளர்க்கும் லீக்ஸில் துரு நோய்: என்ன செய்யலாம்?

வணக்கம். இங்கிலாந்தில், நார்தம்பர்லாந்தின் ஆஷிங்டன் பக்கம் இருக்கிறேன். செப்டம்பர் காய்கறிப் போட்டிக்காக பாலித்தீன் குடிலில் பாட் லீக்ஸ் வளர்க்கிறேன். தெரியாதவர்களுக்கு: லீக்ஸ் வெங்காயக் குடும்பத்துக் காய்கறி; இது அதில் குட்டை வகை. வெள்ளைத் தண்டு 6 அங்குல உயரத்தைத் தாண்டக் கூடாது; பருமனை அளந்து கன அங்குலத்தில் கணக்கிடுவார்கள்.

தண்டு நன்றாகவே பருத்து வருகிறது. ஆனால் ஜூலை கடைசியிலிருந்து இலைகளில் துரு. நீளவாக்கில் சின்னச் சின்ன ஆரஞ்சுக் கொப்புளங்கள். வெடித்ததைத் தடவினால் மஞ்சள்தூள் மாதிரி விரலில் ஒட்டுகிறது. கீழ் இலைகளில் தொடங்கி இப்போது நடு இலைகளுக்கு ஏறிவிட்டது. தண்டிலும் வேரிலும் எதுவும் இல்லை.

மோசமான கீழ் இலைகளை அறுத்து அப்புறப்படுத்தினேன். இலை நனையாமல் சொட்டுநீர்தான் விடுகிறேன். குடிலின் இரு பக்கமும் திறந்து மின்விசிறியும் வைத்தாயிற்று. தழைச்சத்தை நிறுத்திவிட்டு சாம்பல்சத்து கொடுக்கிறேன். புதுக் கொப்புளங்கள் நிற்கவில்லை. ரோஜாத் துருவுக்கான மருந்தைத் தொடவில்லை, இது சாப்பிடும் பயிர்.

இன்னும் இலையை வெட்டினால் தண்டு பருப்பது நின்றுவிடும், நடுவர்கள் இலையையும் பார்ப்பார்கள். போட்டியில் வைக்கும் செடியைப் பார்த்துத்தான் வசந்தத்தில் என்னிடம் நாற்று வாங்க வருகிறார்கள், அதனால் விற்பனையும் இதில்தான் இருக்கிறது.

இலைகளை மேலும் வெட்டாமல், போட்டிவரை துரு மேலே ஏறாமல் தடுக்க என்ன வழி?